படத்துக்கு மாலை வேண்டாம்: பயணம் போய்க் காணாமல் போனவருக்காக வீட்டாரோடு சேர்ந்து துணி தைப்பது எப்படி

ஊசியையும் நூலையும் எடுப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனவரின் படத்துக்கு மாலை போடாதீர்கள். முன்னால் விளக்குக் கொளுத்தாதீர்கள், பூ வைக்காதீர்கள், வர்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றாதீர்கள். மாலை விழுந்த படம் என்றால் அந்த ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம், நம் வீடுகளில் அதை யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக்கென்று வெளிக்கிட்டு இருபது, இருபத்தைந்து வருடமாக ஒரு செய்தியும் இல்லாத மகனின் படத்தைச் செத்தவர்களின் படங்கள் தொங்கும் சுவரில் மாட்டாமல், வேண்டுமென்றே வேறு சுவரில், வாசலைப் பார்த்தபடி மாட்டி வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். எந்தச் சுவரில் படம் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த பிறகு அந்த வீட்டுக்குள் கலை, கண்காட்சி என்று போனால் போதும்.

இது தையல் தெரிந்தவர்களுக்கு மட்டுமான குறிப்பு இல்லை. சில வருடங்களாக நான் செய்துவரும் வேலை இதுதான்: ஐந்தாறு குடும்பங்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆளின் பெயரையும் அவரைப் பற்றி இரண்டு மூன்று வரிகளையும் ஒரு துணியில் தைக்கிறார்கள், எல்லாம் முடிந்ததும் ஒரே கயிற்றுக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுகிறோம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ, தமிழ்நாட்டு முகாம் ஒன்றிலோ, பாரிஸிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு இப்படி ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீங்கள் ஓவியமோ வீடியோவோ செய்வதென்றாலும் பாதிக்கு மேல் இதே விஷயங்கள்தான் வரும். நான் துணியைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. தைக்கும்போது கண் துணியில் இருக்கும், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அப்போது வாய் தானாகக் கதைக்கும்.

யாருக்காகத் தைக்கிறோம்

1996 நத்தார் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மால்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவில் பெரிய கப்பல் ஒன்றிலிருந்து சின்னப் படகுக்கு மாற்றப்பட்ட பயணிகள் கடலில் மூழ்கினார்கள், குறைந்தது 283 பேர். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்கள், அதில் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். தப்பிக் கிரீஸில் இறக்கப்பட்டவர்கள் நடந்ததைச் சொன்னபோது அதிகாரிகள் நம்பவில்லை. போர்ட்டோபாலோ என்ற சிசிலிக் கரையூரின் மீனவர்கள் வலையில் உடல்கள் வந்தன, வீண் பிரச்சினை வரும் என்று பயந்து அவற்றைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். 2001 இல் ஒரு மீனவரின் வலையில் பிளாஸ்டிக் உறையிட்ட அடையாள அட்டை ஒன்று சிக்கியது, அது பயணத்தின்போது 17 வயதாக இருந்த ஒரு தமிழ்ப் பையனுடையது. அவர் அதை ஒரு பத்திரிகையாளரிடம் கொண்டுபோனதால்தான் 108 மீட்டர் ஆழத்தில் கிடந்த படகைக் கமெராவை இறக்கிப் படம் பிடித்தார்கள். விபத்து நடந்து நாலரை வருடத்துக்குப் பிறகு! அந்த நாலரை வருடமும் ஊரில் இருந்த அம்மாக்கள் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு துணியை வெட்டுங்கள்.

அது பழைய கதை என்று விட முடியாது. 2019 ஜனவரியில் கேரளாவின் முனம்பத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு புறப்பட்ட மீன்பிடிப் படகு எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. அதில் ஏறியவர்களின் உறவினர்களில் டெல்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. உலகம் முழுவதும் பயணத்தில் இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு 2014 முதல் எண்ணி வருகிறது, 70,000 ஐத் தாண்டிவிட்டது, அதுவும் பதிவுக்கு வந்தவர்கள் மட்டும்.

ஒரு சொல்லில் கவனம் வேண்டும். இலங்கையின் வடக்கில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று சொல்கிறோமே, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தின் தாய்மார், அவர்கள் அந்த 'ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லுக்காகவே சண்டை பிடித்தவர்கள். தானாகப் போகவில்லை, யாரோ கொண்டுபோனார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பயணம் போய்க் காணாமல் போனவர் வேறு. ஒரே வீட்டில் இரண்டு வகையிலும் பிள்ளைகளைத் தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தலைப்பில், அழைப்பிதழில், பதாகையில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் அது நோகும்.

முதலில் போய் உட்காருங்கள்

முதல் தடவை கொப்பி, பேனை, கமெரா எதுவும் வேண்டாம். போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள். "அவர் எப்ப வெளிக்கிட்டவர், கடைசியா எப்ப கதைச்சவர்" என்று நீங்கள் கேட்டால் உடனே பதில் வரும், ஆனால் அது நூறு தடவை சொல்லிப் பழகிய பதில். திகதி, வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனின் பெயர், கட்டிய காசு, கொழும்பு லொட்ஜில் தங்கிய நாட்கள், எந்த நாட்டிலிருந்து கடைசி அழைப்பு. பொலிஸிலும் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்திலும் ஆணைக்குழுக்களிலும் சொல்லிச் சொல்லி மனப்பாடமான முறைப்பாடு அது. அதை மரியாதையாகக் கேளுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள், துணிக்கு வேண்டியது அதற்குப் பிறகுதான் வரும்.

நான் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விதான். சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைப்பார்? இந்த வீட்டில் அவர் கைபட்டது என்று ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ஒரு அம்மா எழும்பிப் போய்க் குசினி வாசலில் இருந்த ஆணியைக் காட்டினார். இரண்டரை அங்குல ஆணி, நேராக இறங்காமல் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, அடிக்கும்போது பக்கத்துச் சுண்ணாம்பு கொஞ்சம் பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்து தெரிகிறது. மகன் பதினாறு வயதில் அடித்தது. "வளைச்சுப் போட்டான், நான் பேசினனான்" என்றார். வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளை அடித்தாயிற்று, அந்த இடத்தை மட்டும் பூசவிடவில்லை, குடை இன்றைக்கும் அதில்தான் தொங்குகிறது. அவருடைய துணியில் பெயருக்குக் கீழே என்ன தைப்பது என்று அதற்கு மேல் யோசிக்க வேண்டி வரவில்லை. "குசினி வாசல் ஆணி இவன் அடித்தது." அவ்வளவுதான். அந்தத் துணிக்கு முன்னால் நின்றவர்கள் அளவுக்கு வேறு எதற்கு முன்னாலும் ஆட்கள் நின்று நான் பார்க்கவில்லை.

சாத்திரம் கேட்டிருப்பார்கள். தெற்குத் திசையில் இருக்கிறார், அடைபட்ட இடத்தில் இருக்கிறார், வியாழமாற்றம் முடிய செய்தி வரும் என்று சாத்திரி சொன்னது கட்டாயம் வரும். அதைத் திருத்தப் போகாதீர்கள், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

"இதைச் செய்தால் பிள்ளை கிடைப்பானா" என்றும் கேட்பார்கள். கிடைக்கமாட்டார், இது தேடும் வேலை இல்லை என்று அப்போதே நேராகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் உறவுகளைத் தேடும் சேவை காசு வாங்காமல் விண்ணப்பம் எடுக்கிறது என்பதையும், இறந்துவிட்டார் என்று எழுதாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் பதிந்து தரும் சான்றிதழ் இலங்கையில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், அது போர், கலவரம் போன்றவற்றில் காணாமல் போனவர்களுக்கென்று வந்தது, பயணம் போனவருக்குப் பொருந்துமா என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு, காணி உறுதி என்று அலையும் குடும்பத்துக்கு உங்கள் துணியைவிட இந்தத் தகவல் பயன்படலாம்.

ஒரே வீட்டில் இரண்டு பேர்

இதை நான் பெரிய விஷயமாகச் சொல்வேன், ஏனென்றால் வெளியில் இருந்து போகிறவர்கள் 'குடும்பம்' என்று ஒரு ஆளைப்போல நினைத்துக்கொண்டு போகிறார்கள். காத்திருப்பு வீட்டுக்குள் ஒரே மாதிரி இருப்பதில்லை. தாய் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புதுச் சட்டை வாங்கி அலுமாரியில் வைக்கிறார். அதே வீட்டில் மனைவிக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை, கோயிலில் சுமங்கலிகளோடு நிற்பதா விலகி நிற்பதா என்று ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குழப்பம். அவருக்கு மனதுக்குள் முடிந்துவிட்டது என்று தோன்றினாலும் மாமியாருக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாது, சொன்னால் அவர்தான் கணவனைக் கொன்றது மாதிரி ஆகிவிடும். தகப்பன் இன்னொரு விதம். காணியை ஈடுவைத்துக் காசு கட்டி அனுப்பியவர் அவர். கதைக்கமாட்டார், கூட்டத்துக்கும் வரமாட்டார், வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

அதனால் மூன்று பேரோடும் தனித்தனியாகக் கதையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு துணிதான் என்று சட்டம் வைக்காதீர்கள். ஒரே மனிதருக்காகத் தாய் ஒன்றும் மனைவி ஒன்றும் தைத்து, இரண்டும் கொடியில் தள்ளித் தள்ளித் தொங்கியிருக்கின்றன, பார்க்கிறவர்களுக்கு அது ஒரே ஆள் என்று தெரியவும் இல்லை, தெரிய வேண்டியதும் இல்லை. தகப்பன்மாருக்கு ஊசியைக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். கொடிக்கம்பு நடவும், துணி அளந்து வெட்டவும், பென்சிலால் எழுத்துப் போட்டுத் தரவும் கேட்டுப் பாருங்கள். கையெழுத்து அழகான ஒரு ஐயா எல்லாத் துணிகளுக்கும் எழுத்துப் போட்டுத் தந்தார், தன் மகனின் பெயரை மட்டும் கடைசி வரை தள்ளிப்போட்டு, எல்லோரும் எழும்பிப் போன பிறகு எழுதினார்.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இந்த நிலைக்கு 1970களிலேயே ஒரு பெயர் வைத்தார், தமிழில் சொன்னால் முடிவு தெரியாத இழப்பு என்று வரும். உடல் இல்லை, செய்தி இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசம் கொடுக்கத் திதி இல்லை. அழுது முடிக்க ஒரு நாள் குறித்துக் கொடுக்க ஊரிடம் எந்தச் சடங்கும் இல்லை. உங்கள் கண்காட்சியும் அந்தச் சடங்காக மாறிவிடக்கூடாது, வீட்டார் தாங்களாகக் கேட்டால் ஒழிய.

என்ன எழுதுவது: வினைச்சொல்லைப் பாருங்கள்

இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். 'நல்லாகப் பாடுவான்' சரி, 'நல்லாகப் பாடினான்' என்று எழுதியவுடன் தாயின் முகம் மாறும். நம் மொழியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'நண்டுக் கறி பிடிக்கும்', 'இருட்டுக்குப் பயம்', 'ஐந்து பேரில் மூன்றாவது', இவை எதிலும் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வினையே இல்லாமல் வசனத்தை நிறுத்தலாம். தாய்மார் கதைக்கும்போது இதைத் தாங்களாகவே செய்கிறார்கள், நீங்கள் எழுதி எடுக்கும்போதுதான் கெடுத்துவிடுகிறீர்கள். ஆகவே அவர் சொன்ன வசனத்தைச் சொன்னபடியே போடுங்கள், பேச்சுத் தமிழாக இருந்தால் இருக்கட்டும்.

வயதையும் எழுத வேண்டாம். போகும்போது 19, இப்போது இருந்தால் 44, எதை எழுதுவீர்கள்? பிறந்த வருடத்தை மட்டும் போட்டால் பிரச்சினை இல்லை, கணக்கை வீட்டார் போடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு நடுவில் கோடு போடும் வழக்கம் கல்லறைக்கு உரியது, அது துணியில் வரவே கூடாது. ஊர்ப் பெயர் வரலாம். வீட்டு முகவரி, போன் எண், ஏஜென்சிக்காரனின் பெயர், கட்டிய தொகை, போன பாதை இவை எதுவும் வேண்டாம். காரணம் இருக்கிறது. வெளியில் விபரம் தெரிந்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து, "உங்கட மகன் இங்க சிறையில இருக்கிறார், வக்கீலுக்குக் காசு அனுப்புங்கோ" என்று போன் எடுத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நம்பிக்கை இருக்கிற வீட்டில் அந்த அழைப்பு எவ்வளவு எளிதாக வேலை செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகள் வெளிநாட்டில் அகதி வழக்கோடு இருந்தால் அவர்களுக்கும் இடைஞ்சல் வரலாம்.

கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெறும் துணி விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

துணியும் நூலும்

வெளுக்காத பருத்தித் துணி, முழங்கை நீளத்துக்கு முழங்கை நீளம் போதும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் நனைத்து, அலசி, வெயிலில் காயவைத்து இஸ்திரி போட்டு மினுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் கழுவலில் சுருங்கி எழுத்து முழுக்க இழுபடும். அவருடைய பழைய சாரம் அல்லது சட்டைத் துண்டை ஒட்டுப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வேன். வாசம் போய்விடும் என்று பொலித்தீன் பையில் கட்டி வைத்த சட்டையை வெட்டினால் திரும்ப ஒட்டாது. விரும்பினால் ஒரு பொத்தானை மட்டும் எடுத்துத் தைக்கலாம்.

எழுத்துக்கு எம்ப்ராய்டரி நூல். ஆறு இழையையும் அப்படியே கோக்காதீர்கள், மூன்று இழையாகப் பிரியுங்கள். தமிழ் எழுத்து முழுக்க வளைவு, அதற்கு ஒரு தையலோடு அடுத்ததைச் சாய்த்துக் கயிறுபோல ஓட்டும் காம்புத் தையல்தான் தோது. சங்கிலித் தையல் பெரிய எழுத்துக்கு மட்டும் நன்றாக இருக்கும். எழுத்து உயரம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் 'ண'வும் 'ன'வும் பிரித்துத் தெரியாது, ஒரு ஆளின் பெயர் வேறு ஆளின் பெயராகிவிடும். 'ண'வின் சுழிகளில் தையலை அரைவாசியாகச் சின்னதாக்கி, திருப்பும் இடத்தில் ஊசியைத் துணிக்கு நேர் செங்குத்தாக இறக்குங்கள், வளையம் முறியாது. ஓரமெல்லாம் ஓட்டுத் தையல் போதும். சிவப்பு, கருநீல நூலை முதலில் சுடுதண்ணீரில் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள்.

நிறத்தைக் குடும்பமே தெரிவு செய்யட்டும், எல்லோருக்கும் ஒரே நிறம் என்று வைக்காதீர்கள். மெக்சிகோவில் 2011 முதல் பொது இடங்களில் உட்கார்ந்து கைக்குட்டைகளில் பெயர் தைக்கிறார்கள், கொல்லப்பட்டவர்களுக்குச் சிவப்பு நூல், காணாமல் போனவர்களுக்குப் பச்சை நூல் என்று ஒரு வழக்கம் அங்கே உருவானது. திரும்பி வருவார் என்ற நினைப்புக்குப் பச்சை. அது அவர்களுடைய நிறம், நாம் அப்படியே எடுத்துப் போட வேண்டியதில்லை. நம்மிடத்தில் வெள்ளையில் வெள்ளை நூல் தைக்கச் சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

கண் மங்கிய அம்மாக்களுக்கு ஒரு நாளில் நான்கு எழுத்துக்கு மேல் வேண்டாம். பேத்தி ஊசி கோர்த்துக் கொடுக்கலாம், ஆனால் முதல் எழுத்தைத் தாய்தான் தைக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கோணலாக வந்தாலும் பிரிக்காதீர்கள்.

படம் வைப்பதா

துணியோடு படமும் வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். மத்திய அமெரிக்கத் தாய்மார் பிள்ளைகளின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மெக்சிகோ முழுக்கப் பேருந்தில் போய், சந்தை, சிறை, ரயில் பாதை என்று காட்டித் தேடியிருக்கிறார்கள், சிலர் பிள்ளைகளை உயிரோடேயே கண்டும் இருக்கிறார்கள். படம் அங்கே தேடும் கருவி. கண்காட்சியில் அது வேறு வேலை செய்கிறது. கடவுச்சீட்டுப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவர் நிறைய ஒட்டினால் பார்ப்பவருக்கு அது இரங்கல் கூட்டம்தான்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் ஐரோப்பியச் செஞ்சிலுவைச் சங்கங்களும் 2013 முதல் ஒரு முறை கையாள்கின்றன: தேடப்படுபவரின் படத்தைப் போடுவதில்லை, தேடுகிறவரின் படத்தைப் போட்டு 'என் தம்பியைத் தேடுகிறேன்' என்று எழுதுகிறார்கள். தொலைந்தவர் எங்காவது இருந்தால் தன் அக்காவின் முகத்தை அவரே அடையாளம் காண்பார். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, ஆனால் கலை செய்கிறவருக்கும் இது பெரிய பாடம். இருக்கிறவர் காத்திருப்பவர்தான், அவரைப் படம் எடுங்கள். முகம் காட்ட விருப்பமில்லை என்றால் தைக்கும் கையை எடுக்கலாம், அவர் உட்காரும் கதிரையை எடுக்கலாம். அழும்போது எடுக்காதீர்கள். எடுத்திருந்தால் அவருக்கு முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

தொங்கவிடும் நாள்

என்னுடைய தவறு இங்கேதான் நடந்தது. முதல் தடவை ஒரு மண்டபத்தில் வைத்தோம். துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு நான் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி என்றால் குத்துவிளக்கு என்று யாரோ பழக்கதோஷத்தில் கொண்டுவந்து கொடிக்கு முன்னால் வைத்தார்கள், இன்னொருவர் தட்டில் பூவும் வைத்தார், தொடக்கவுரைக்கு வந்தவர் எல்லோரையும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னார். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை, நடந்துகொண்டிருப்பது என்னவென்று எனக்கு உறைக்கவே அந்த ஒரு நிமிடம் எடுத்தது. மௌனம் முடிவதற்குள் ஒரு அம்மா எழும்பிப் போய்த் தன் துணியைக் கொடியில் இருந்து கழற்றி, நான்காக மடித்து, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த நாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவனுக்குச் செய்து முடிச்சுப் போட்டியள்" என்றார். துணி திரும்ப வரவில்லை, வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அதிலிருந்து மண்டபத்தை எடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: விளக்கில்லை, மௌன அஞ்சலி இல்லை, கறுப்புத் துணி இல்லை, 'நினைவேந்தல்' என்ற சொல் எங்கேயும் இல்லை. பேசுபவர்களிடமும் ஒரு நாள் முன்பே இதைச் சொல்லுங்கள். தேத்தண்ணி, வடை, பிள்ளைகள் ஓடித்திரிவது எல்லாம் இருக்கட்டும். துணிகளை வீட்டில் உடுப்புக் காயப்போடுவதுபோலக் கயிற்றுக் கொடியில் மரக் கவ்வியால் பிடித்து, உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண்மட்டத்துக்குத் தொங்கவிடுங்கள். சட்டகமும் கண்ணாடியும் வேண்டாம். குண்டூசி குத்தினால் கடற்காற்றில் இரண்டே நாளில் துருக்கறை ஏறும். காற்றில் துணி ஆட வேண்டும், விசிறி இருந்தால் போடுங்கள். பின்பக்கம் தெரியும்படி நடுவில் நடக்க வழி விடுங்கள், முடிச்சும் இழையும் உள்ள அந்தப் பக்கத்தைத்தான் பெண்கள் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள்.

யார் யாரைப் பார்க்க வைக்கிறோம் என்பதையும் யோசியுங்கள். 2015 ஏப்ரல் 18 இல் லிபியாவுக்கு வடக்கே நூற்றுக்கணக்கானவர்களோடு மூழ்கிய படகை 2019 வெனிஸ் கலைக்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கத்தில் சிற்றுண்டிச்சாலை, படகுக்கு அருகில் விளக்கக் குறிப்புக்கூட இல்லை, வந்தவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கடும் விமர்சனம் வந்தது, எனக்கும் அந்த விமர்சனம் சரி என்றுதான் படுகிறது. அந்தப் படகுக்குள் இருந்தவர்களின் தாய்மாருக்கு அங்கே ஒரு கதிரை போடப்படவில்லை. மறுபக்கம் துனிசியாவின் சார்சிஸ் ஊரில் அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் கொரைஷி 2021 இல் திறந்த மயானத் தோட்டம் இருக்கிறது. கரையொதுங்கிய பெயர் தெரியாதவர்களுக்கு அங்கே ஆளுக்கொரு குழி, கையால் வர்ணம் தீட்டிய ஓடுகள், பூமரங்கள். பெயருக்குப் பதில் உடுத்தியிருந்த உடுப்பும் கிடைத்த கடற்கரையும் எழுதப்பட்டிருக்கின்றன. என்றைக்காவது ஒரு வீட்டார் தேடி வந்தால் அடையாளம் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அதைப் படித்த பிறகு வெளிக்கிட்ட அன்று என்ன உடுத்திருந்தார் என்பதையும் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டு எழுதி, துணியில் போடாமல், அவர்களிடமே கொடுத்து வைக்கிறேன்.

பிறகு

துணி குடும்பத்துக்குச் சொந்தம். உங்களுக்கோ மண்டபத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ இல்லை. கேட்டால் அன்றைக்கே கொடுக்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. இதை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். அடுத்த கண்காட்சிக்குத் தருவீர்களா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேளுங்கள், போன வருடம் தந்ததால் இந்த வருடமும் தருவார் என்று எடுக்காதீர்கள், மனம் மாறும், வீட்டு நிலைமை மாறும்.

வைக்கும்போது பொலித்தீன் பையில் போடாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றச் சொல்லுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் நூல் அறும்.

அந்த நான்கு விரல் வெறும் துணி. சில வீடுகளுக்குச் செய்தி வரும். ஒரு குடும்பம் ஏழு வருடத்துக்குப் பிறகு உறுதியான தகவல் கிடைத்து, அந்தியேட்டி செய்து முடித்துவிட்டு, துணியைக் கொண்டுவந்து திகதி தைக்க வேண்டும் என்றார்கள். வேறொரு வீட்டில் தாய் செத்துப்போனார், மகள் அந்த இடத்தில் 'அம்மா பார்த்துக்கொண்டிருந்தா' என்று தைத்தார். அதனால் கடைசித் தையலை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். பின்பக்கத் தையல்களுக்கு அடியில் ஐந்தாறு தடவை நுழைத்து எடுத்தால் பிரியாது, மிச்ச நூல் ஒரு சாண் தொங்கட்டும், அதே நிற நூலில் இரண்டு முழம் சேர்த்து வீட்டாரிடம் கொடுங்கள். பிறகு கடையில் தேடினால் அதே நிறம் கிடைக்காது. ஊசியைத் துணியிலேயே குத்திக் கொடுக்கவும் வேண்டாம், துருப்பிடிக்கும். ஒரு வெற்றுத் தீப்பெட்டிக்குள் நூலோடு போட்டு, அவரவர் பெயரை மேலே எழுதிக் கொடுங்கள்.